ஞாயிறு கலை வகுப்பு: எங்கள் அனுபவம்

(பங்கின் பொன்விழாவையொட்டி மன்றத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், கலை வகுப்புக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் சாதனைகளைச் சொல்வது வழக்கம். அழைப்பிதழிலும் 'கலை வகுப்பின் சாதனைகள்' என்றுதான் எங்கள் தலைப்பு அச்சாகியிருக்கிறது. ஆனால் எங்கள் குழுவினர் நால்வரும் கூடிப் பேசியபோது, சாதனைகளைவிட நாங்கள் செய்த ஒரு தவற்றைச் சொல்வதே உங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று பட்டது. மன்றத்தைப் பற்றி அடுத்த மாதம் பேரவை எடுக்கவிருக்கும் முடிவுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. ஆகவே தலைப்பை மீறுவதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில், இந்த மன்றத்துப் படிக்கட்டில் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் மாலை நேரத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு செல்போன். இல்லாதவன் இருக்கிறவன் தோளில் சாய்ந்து பார்ப்பான். அவர்களைக் கடந்து போகிற பெரியவர்கள் நாம் ஒவ்வொருவரும் ஒரு புத்திமதியைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவோம். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. ஒருவர் தொலைக்காட்சியில் ஒலிப்பதிவு வேலை பார்ப்பவர். ஒருவர் செவிலியர், நம் பங்கின் பாஸ்கா நாடகங்களில் பல வருடம் நடித்தவர். நான்காமவர் கல்லூரி மாணவர். அந்தச் செல்போனை வைத்தே எதையாவது செய்யக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று முதலில் கேட்டவர் அவர்தான். பங்குக் குருவிடம் போனோம். மன்றத்துச் சாவியையும், கோயிலில் பாட்டு வரிகளைக் காட்டும் புரொஜெக்டரையும் கொடுத்தார். கட்டணம் கிடையாது, மதிப்பெண் கிடையாது, எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம் என்று அறிவித்தோம். முதல் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு 34 பேர் வந்தார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "சினிமா பார்க்கவா கோயிலுக்கு அனுப்புறோம்?" என்று ஒரு தாயார் இதே வாசலில் எங்களைக் கேட்டார். நியாயமான கேள்விதான். இங்கே முன்வரிசையில் இருக்கும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு காலத்தில் கோயில் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி, வாடகைக் கருவியில் 1971-ல் வந்த 'அன்னை வேளாங்கண்ணி' படத்தைக் காட்டினார்கள். ஊரே மணலில் உட்கார்ந்து பார்த்தது. அதே மூத்தவர்கள் மற்ற படங்களுக்குப் போகக் கூடாது என்று அடி வாங்கியவர்களும்கூட! திருச்சபையின் ஏடுகளிலும் இந்த இரண்டும் உண்டு. 1936-ல் பதினொன்றாம் பத்திநாதர் சினிமாவைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் எச்சரிக்கையே மேலோங்கி நின்றது. 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏட்டிலோ, இந்தச் சாதனங்களைச் சரிவரப் பயன்படுத்த இளைஞருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. பயிற்சி என்ற அந்தச் சொல்லைத்தான் அந்தத் தாயாரிடம் சொன்னோம். சொல்லி அவரைச் சம்மதிக்க வைக்க முடியவில்லை. ஒரு நாள் அவரையே உள்ளே உட்காரவைத்த பிறகுதான் சம்மதித்தார்.

இந்தப் பயிற்சி நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. கனடாவிலிருந்து 1961-ல் கல்கத்தாவுக்கு வந்த காஸ்தோன் ரொபேர்ஜ் என்ற இயேசு சபைக் குரு, 1970-ல் அங்கே 'சித்ரபாணி' என்ற நிலையத்தைத் தொடங்கினார். சத்யஜித் ராயின் நட்பும் ஆதரவும் அவருக்கு இருந்தன. படத்தை எப்படிப் பார்ப்பது என்பதைச் சாதாரண மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையே தம் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டு, 2020-ல் அந்த நகரத்திலேயே மரித்தார். ஒரு குரு சினிமா சொல்லிக்கொடுப்பதா என்று அவரையும் யாராவது கேட்டிருப்பார்கள்!

நாங்கள் முதலில் காட்டிய படம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'. ஈரான் நாட்டு மஜித் மஜிதி 1997-ல் எடுத்தது. தங்கையின் செருப்பைத் தொலைத்துவிட்ட அண்ணன், வீட்டில் சொல்லப் பயந்து, தன் ஒரே ஜோடியை அவளோடு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற கதை. பேச்சு பாரசீக மொழி, கீழே ஓடும் வரிகள் ஆங்கிலம். எங்கள் செவிலியர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு வரிக்கு வரி தமிழில் சொன்னார். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் அவரைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டார்கள். "புரியுது அக்கா, விடுங்க" என்றார்கள்.

படத்தின் கடைசியில் ஓட்டப் பந்தயம். மூன்றாவது பரிசு ஒரு ஜோடி காலணி. அதற்காகத்தான் அண்ணன் ஓடுகிறான். தவறிப்போய் முதலாவதாக வந்துவிட்டு அழுகிறான். படம் முடிந்ததும் மன்றம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கொஞ்சம் நின்று ஓடியிருக்கலாம் என்று ஒரு கட்சி. அதற்குப் பதில் சொன்னவன் கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன். பத்தாம் வகுப்போடு நின்றவன், பதினாறு வயது. "கீழ தள்ளிவிட்டாங்க சார். எழுந்து ஓடும்போது எத்தனாவதுன்னு யாருக்குத் தெரியும்? ஓடணும், அவ்வளவுதான்" என்றான். பிறகு ஒரு சிறுமி எழுந்து, அப்பாவின் சைக்கிளில் புதுச் செருப்பு இருந்ததே, யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டாள். நாங்கள் நால்வரும் பார்க்கவில்லை! படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தோம். இருந்தது. அந்த வீட்டில் அழுகை ஓயப்போகிறது என்பது படம் பார்ப்பவனுக்குத் தெரிகிறது, அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்து பார்ப்பது எப்படி என்று அன்று எங்களுக்குத்தான் பாடம் நடந்தது.

இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டார்கள். தேடிப் பார்த்துச் சொன்னோம். 1965-ல் தெஹ்ரானில் 'கானூன்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நிலையம் ஆரம்பிக்கப்பட்டது. பிள்ளைகளுக்கென்றே நூலகங்கள் திறப்பது அதன் முதல் வேலை. நாளடைவில் அந்த நூலகங்களிலேயே ஓவியம், நாடகம், திரைப்படம் எல்லாம் சேர்ந்துகொண்டன. 1970 வாக்கில் அங்கே படப்பிரிவு ஏற்பட்டது. அதில் அப்பாஸ் கியாரொஸ்தமி முதலாவதாக எடுத்த 'ரொட்டியும் சந்தும்' பத்து நிமிடத்துச் சின்னப் படம்: ரொட்டி வாங்கிக்கொண்டு போகிற சிறுவனைச் சந்தில் ஒரு நாய் மறிக்கிறது, அவ்வளவுதான் கதை. 1979 புரட்சியில் நாட்டில் எல்லாம் மாறியபோதும் அந்த நிலையம் நிற்கவில்லை. நாங்கள் பார்த்த செருப்புப் படமும் அவர்கள் தயாரித்ததே. சிறுவர் நூலகம் ஒன்று, முப்பது வருடம் கழித்து உலகமே பார்க்கிற ஒரு படத்தைக் கொடுத்திருக்கிறது. இதைக் கேட்டதும் நாங்களும் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் போனோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்த வாரங்களில் 'லூமியேர் நிமிடம்' என்ற பயிற்சியைக் கொடுத்தோம். 1895 டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக் காட்டிய முதல் படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 விநாடிதான் ஓடின. கருவியை ஓரிடத்தில் நிறுத்தினால் நிறுத்தியதுதான், நகர்த்துவதில்லை, வெட்டுவதில்லை. பிரான்சில் பிள்ளைகளுக்கு இன்றும் முதல் பாடமாக இதையே கொடுக்கிறார்கள். ஒரு பைசா செலவில்லாத பாடம். செல்போனை ஸ்டூல் மேல் சாய்த்து வைக்க வேண்டும். ஒரு நிமிடம், ஒரே தடவை. எதைக் காட்டப் போகிறாய், எங்கே வைக்கப் போகிறாய், எப்போது ஆரம்பிப்பாய் என்று முன்னாலேயே முடிவுசெய்ய வேண்டும். அதற்காக ஓவிய ஆசிரியை காலண்டர் அட்டைகளில் சதுரமாக ஓட்டை வெட்டிக் கொடுத்தார். அந்த ஓட்டை வழியே பிள்ளைகள் ஒரு வாரம் முழுக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டே திரிந்தார்கள். மோட்டார் சைக்கிள் மெக்கானிக், தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்த வரிசை, தூங்கும் தாத்தா என்று வந்தன. முன்னே சொன்ன அந்தப் பையன், தன்னிடம் செல்போன் இல்லாததால் எங்கள் கல்லூரி மாணவருடையதை வாங்கிக்கொண்டு போனான். விடிவதற்கு முன் காசிமேட்டில் அவன் அம்மா மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதை எடுத்திருந்தான். முகம் சரியாகத் தெரியவில்லை, இருட்டு. கை மட்டும் விளக்கு வெளிச்சத்தில் சிறுசு பெருசாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறது. பின்னால் ஏலக் குரல். எங்கள் ஒலிப்பதிவாளர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை கேட்டார்.

இனித் தவற்றுக்கு வருகிறோம்.

நான்காவது மாதத்தில் 34 என்பது 11 ஆகியிருந்தது. எங்களுக்குக் கோபம். காசு வாங்கினால்தான் மதிப்பு, சும்மா கொடுத்தால் இப்படித்தான் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். தொடர்ந்து மூன்று வாரம் வராதவர்களின் பெயரை அடித்துவிடுவது என்று சட்டம் போட்டோம். பட்டியலை மன்றத்துக் கதவிலும் ஒட்டினோம். பள்ளிக்கூடத்தில் என்ன செய்வார்களோ அதையே, பள்ளிக்கூடம் அல்லாத இடத்தில், கொஞ்சமும் யோசிக்காமல் செய்தோம். அடித்த பெயர்களில் அந்தப் பையனுடையதும் ஒன்று.

இரண்டு வாரம் கழித்து அவன் தங்கை வந்து ஓவிய ஆசிரியையிடம் சொன்னாள்: "அவன் எங்க டீச்சர் வருவான்? ராத்திரி மூணு மணிக்கே ஐஸ் உடைக்கப் போயிடுறான். சாயங்காலம் ஆறு மணின்னா அவனுக்கு நடு ராத்திரி." அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போன மாதத்தில் அவன் வேலைக்குப் போயிருக்கிறான். ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டியில் போடும் வேலை. நாங்கள் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. "அதான் பேரை அடிச்சிட்டீங்களே சார்" என்று மட்டும் சொன்னான். அவன் அம்மா டீ போட்டுக் கொடுத்தார். எங்களுக்கு அது இறங்கவில்லை.

பிறகு அடித்த பெயர்கள் எல்லாவற்றின் வீட்டுக்கும், ஒன்று விடாமல், போனோம். செய்திருக்க வேண்டிய வேலையை நான்கு மாதம் பிந்திச் செய்தோம். கட்டணமில்லாத வகுப்புக்குப் பிள்ளைகள் என்னென்ன கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. பெண்பிள்ளைகளுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் காசில்லை. ஆனால் எட்டு மணிக்கு வகுப்பு முடிந்தால் இருட்டில் யார் கூட்டிவருவது? அதனால் ஏழு பெண்கள் நின்றுவிட்டார்கள். பையன்களுக்கு இருட்டு பிரச்சினை இல்லை, பஸ் காசு பிரச்சினை. சீருடை போடாத நாளில் நடத்துனர் டிக்கெட் கேட்பார். ஒருவன் திரும்பும்போது நடந்தே போயிருக்கிறான். எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டு நாங்கள் மௌனமாகிவிட்டோம். பள்ளிக்கூட நாளில் மதியம் சத்துணவு உண்டு, விடுமுறை நாளில் கிடையாது. பசியோடு வந்து உட்கார்ந்தவனைச் சோம்பேறி என்று நினைத்திருக்கிறோம். டியூஷன் ஒரு பக்கம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒரு பக்கம். செல்போனில் டேட்டா தீர்ந்துபோனதால் வீடியோ அனுப்பவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, வராமலே இருந்துவிட்டவள் ஒருத்தி. 'இலவசம்' என்று நாங்கள் பலகையில் எழுதிவைத்தோம். விலையை அவர்கள்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதை மற்ற ஊர்களில் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடினோம். அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தின் நடுவில், ஸ்டேட் வீதியில், 37-ஆம் எண் மனை என்று ஓர் இடம். பழைய கட்டடங்களையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு, புதிது எழும்பாமல் காலியாகக் கிடந்தது. 1991 கோடையில் நகரத்தின் பண்பாட்டுத் துறை ஆணையர் லோயிஸ் வைஸ்பெர்க்கும், மேயரின் மனைவி மேகி டேலியும் அந்த வெற்று மனையில் கூடாரம் அடித்து இளைஞர்களுக்கு ஓவியம், சிற்பம், நடனம் எல்லாம் கற்பிக்கத் தொடங்கினார்கள். பெயர் 'கேலரி 37'. இதில் முக்கியமானது என்னவென்றால், பிள்ளைகளிடம் காசு வாங்காதது மட்டுமல்ல. பிள்ளைகளுக்குக் காசு கொடுத்தார்கள்! தொழில் பழகுகிறவருக்குக் கூலி உண்டல்லவா, அந்தக் கணக்கில். கடையில் வேலைக்குப் போகவேண்டிய பையன் இங்கே வர அதுவே வழி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2000-ல் அது விரிவடைந்து 'ஆஃப்டர் ஸ்கூல் மேட்டர்ஸ்' என்ற அமைப்பாயிற்று. குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்து அதைப் பற்றிச் செய்த ஓர் ஆய்வு 2011-ல் வெளிவந்தது. பள்ளிப் படிப்பில் பெரிய வேறுபாடு எதையும் அது காணவில்லை. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதிலும், தப்பான வழிக்குப் போகாமல் இருப்பதிலும் சேர்ந்தவர்கள் சற்று மேலாக இருந்தார்கள். இங்கே வந்தால் மார்க் கூடும் என்று பெற்றோர்களாகிய உங்களுக்கு நாங்கள் வாக்குக் கொடுக்காததற்குக் காரணம் இதுவே.

நியூயார்க்கில் பிராங்ஸ் என்பது ஏழைகள் நிறைந்த பகுதி. ஜோ ஹால் என்ற சமூகப் பணியாளர் திரைப்படம் படிக்கப் பல்கலைக்கழகம் போய்ப் பார்த்தார். தாம் வேலை செய்த தெருக்களின் பிள்ளைகள் அங்கே யாருமில்லை. திரும்பி வந்து 2000-ல் பிராங்ஸிலேயே 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு திரைப்படப் பள்ளியை, கட்டணமில்லாமல், ஆரம்பித்தார். அங்கே பயிற்சி 30 மாதம் நடக்கிறது. நாங்கள் நான்கு மாதத்தில் பொறுமை இழந்தவர்கள்.

அவர்களிடம் இருந்த பணம் நம்மிடம் இல்லை என்பது தெரிந்ததுதான். கூலி கொடுக்க நம்மால் ஆகாது. எது ஆகும் என்று பார்த்தோம். சனிக்கிழமை இரவை விட்டுவிட்டு ஞாயிறு பிற்பகல் மூன்று முதல் ஆறு வரை என்று மாற்றினோம். வந்ததும் சுண்டலும் டீயும், படம் பிறகுதான். மாதா சபைப் பெண்கள் முறை வைத்து அதைச் செய்கிறார்கள். பஸ் காசு கேட்டு வாங்க வேண்டியதில்லை: மேசை மேல் ஒரு டப்பாவில் சில்லறை இருக்கும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பார்க்கமாட்டோம். முதல் மாதம் டப்பா சீக்கிரம் காலியாயிற்று; பேரவையில் ஒருவர் சிரித்தார். மூன்றாவது மாதத்திலிருந்து வாரா வாரம் மிச்சம் இருக்கிறது. படம் எடுக்க மூன்று பழைய செல்போன்கள் மன்றத்திலேயே இருக்கின்றன. பெயர் அடிக்கும் சட்டத்தைக் கிழித்துப்போட்டோம்.

எல்லாவற்றையும்விட ஒரு யோசனையைச் சொன்னது அந்தப் பையனின் அம்மாதான். "தடைக்காலத்துல அவனுக்கு வேலை இல்லையே" என்றார். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஐஸ் வேலையும் படுத்துவிடும். அது பள்ளி விடுமுறைக் காலமும்கூட. கடற்கரைப் பங்கில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது தோன்றாமல் போனது வெட்கம். சென்ற வருடம் தொடங்கி, பெரிய பயிற்சியை அந்த 61 நாளில் வைத்தோம். அவன் வந்தான். பேச்சில் முன்னே நின்ற பையன், இப்போது பேச்சே குறைந்துவிட்டான். ஆனால் ஒலிப்பதிவாளரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு மைக்கைப் பிடிக்கக் கற்றான். ஐஸ் உடைகிற சத்தம் எத்தனை விதம் என்று அவன் எங்களுக்குச் சொன்னான். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, ஒரு பாட்டி பெட்டிக்கடையை மூடப்போகிற நாளைப் பற்றிப் பதினான்கு நிமிடப் படம் ஒன்று எடுத்தார்கள். உங்களில் பலர் பார்த்தீர்கள். அதில் முதல் இரண்டு நிமிடம் திரை இருட்டாக இருந்து சத்தம் மட்டும் வருமே, புரொஜெக்டர் கெட்டுப்போயிற்று என்று சிலர் எழுந்துகூட விட்டீர்கள். அது அவன் வேலை. படம் ஓடியபோது அவன் அம்மா கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றுகொண்டே பார்த்தார்.

ஜூன் 15-ஆம் தேதி படகுகள் போயின. அடுத்த ஞாயிறு அவன் இல்லை. பெயர் பட்டியலில் இருக்கிறது.

இப்போது மன்றத்தைப் பற்றி. மன்றத்தின் கூரை ஒழுகுகிறது; ஓவியங்களை நாங்களே இரண்டு முறை நனைந்தெடுத்தோம். ஞாயிறு மாலைகளில் விசேஷங்களுக்கு வாடகைக்கு விட்டால் கூரைக்குப் பணம் சேரும் என்று பேரவையில் யோசனை வந்திருக்கிறது. சத்தமும் குப்பையும் பற்றிப் பக்கத்து வீட்டார் மனு கொடுத்ததும் எங்களுக்குத் தெரியும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. நாங்கள் மறுப்பதற்கில்லை.

எனினும் ஒரு பழைய கதையை நினைவூட்ட அனுமதிக்க வேண்டும். நாம் தொன் போஸ்கோவின் படத்தை இந்தச் சுவரிலேயே மாட்டியிருக்கிறோம். தூரின் நகரத்தில் கட்டட வேலைக்கும் புகைபோக்கி துடைக்கவும் கிராமங்களிலிருந்து வந்த பையன்களை அவர் 1841 முதல் ஞாயிறுதோறும் சேர்த்தார். அவருக்கு இடம் இருந்ததா? இல்லை. 1845-ல் ஒரு கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் கூடினார்கள். அங்கிருந்த குருவின் வேலைக்காரப் பெண் கூச்சல் தாங்காமல் சண்டைக்கு வந்தார். அதோடு அந்த இடம் போயிற்று. மாவு மில் பக்கம் போனார்கள், அங்கேயும் புகார். வாடகைக்குப் பிடித்த ஒரு புல்வெளியிலிருந்து, பையன்கள் மிதித்துப் புல்லின் வேரே செத்துப்போகிறது என்று சொல்லி உரிமையாளர்கள் வெளியேற்றினார்கள். கடைசியில் 1846 ஈஸ்டர் ஞாயிறன்று, பினார்தி என்பவரின் தாழ்ந்த கொட்டகை ஒன்றில், தலை முட்டாமலிருக்கத் தரையைத் தோண்டித் தாழ்த்திக்கொண்டு, நுழைந்தார்கள். பிற்காலத்தில் இரவுப் பாடசாலை, வாத்தியக் குழு, நாடகம் எல்லாம் வளர்ந்தது அந்த இடத்தில்தான். புகார் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்குப் புல் வேண்டியிருந்தது, தூக்கம் வேண்டியிருந்தது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் சிறியது. வாரத்தில் மற்ற நேரமெல்லாம் வாடகைக்கு விடலாம். ஞாயிறு மூன்று முதல் ஆறு வரை மட்டும் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். முகூர்த்த ஞாயிறுகளில் கேட்டால் அதையும் விட்டுக்கொடுத்து, கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்கிறோம். மழைக்காலத்தில் மட்டும் முடியாது. தடைக்காலத்து 61 நாளில் மாலை வேளைகளையும் சேர்த்துக் கேட்கிறோம். சத்தத்தைப் பொறுத்தவரை ஆறு மணிக்கு ஒலிபெருக்கி நின்றுவிடும் என்று எழுதிக் கொடுக்கத் தயார். பெருக்கித் துடைப்பது பிள்ளைகளே.

பெற்றோர்களிடமும் ஒன்று கேட்கிறோம். பணம் வேண்டாம். வீட்டில் திரை உடைந்தும் படம் எடுக்கக்கூடிய பழைய செல்போன் இருந்தால் கொடுங்கள். ஆறு மணிக்கு வகுப்பு விட்டதும் பெண்பிள்ளைகளோடு பஸ் நிறுத்தம் வரை நடந்துவர, மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒரு தாயோ தந்தையோ முன்வந்தால் போதும். கதவருகே ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், பெயரெழுத. வருகிற ஞாயிறு, அந்தச் செருப்புப் படத்தைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காக மறுபடியும் போடுகிறோம். அப்பாவின் சைக்கிளில் செருப்பு எப்போது வருகிறது என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.